ஓடுகிற இதயமும் ஓடி வருகிற கைகளும்

(பட்டிமன்றத் தலைப்பு: "நெடுந்தூர ஓட்டம் சாமானியரின் இதயத்துக்கு உரமா? பாரமா?" 'உரமே' என்ற அணியின் நிறைவுரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்களை எதிர்த்துப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எங்களுக்கே உதவி செய்துவிட்டுப் போயிருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! பண்டிகை நாளும் அதுவுமா, ஒரு கையிலே முறுக்கும் இன்னொரு கையிலே அதிரசமுமாக, தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இதயத்தைப் பற்றிக் கவலையோடு கேட்டுக்கொண்டிருக்கிற அன்பர்களே! 

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அம்மா பேசும்போது என்ன சொன்னாங்க? "அய்யா, உலகத்திலே முதன்முதலா மாரத்தான் ஓடினவனே செத்துப்போனான். ஆரம்பமே சாவு. இதிலே எங்கேய்யா உரம்?"னு கேட்டாங்க. நீங்களும் கைதட்டினீங்க. நான் பார்த்தேன்.

கதை இதுதான். கி.மு. 490. கிரேக்க நாட்டிலே மாரத்தான் என்கிற இடத்திலே போர். பாரசீகப் படையை ஏதென்ஸ்காரங்க ஜெயிச்சிட்டாங்க. அந்தச் சேதியைச் சொல்ல ஒரு தூதன் ஓடி வந்தான். "வென்றோம்"னு சொன்னான், விழுந்தான், செத்தான். அருமையான கதை. ஆனா அம்மா, வரலாற்றின் தந்தைனு சொல்றோமே ஹெரோடோட்டஸ், அவர் அந்தப் போருக்கு ரொம்பப் பக்கத்திலே வாழ்ந்தவர். அவர் என்ன எழுதுறார்? போருக்கு முன்னாலே, உதவி கேட்டு, பிலிப்பிடிஸ் என்கிற தூதன் ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடினான். ஏறக்குறைய 240 கிலோமீட்டர். மறுநாளே போய்ச் சேர்ந்தான். போய்ச் சேர்ந்தான்னா, நம்ம ஊர் அர்த்தத்திலே இல்லை. ஸ்பார்ட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தான்! அவன் ஓடி வந்து செத்தான்னு ஹெரோடோட்டஸ் எழுதவே இல்லை. செத்த கதையெல்லாம் 500 வருஷத்துக்கும் பின்னாலே வந்தவங்க எழுதினது. ஆக, ஓட்டம் அவனைக் கொல்லவில்லை. எழுத்தாளர்கள்தான் கொன்றார்கள். நாங்களும் எழுதுகிறவர்கள்தான், இந்தப் பாவத்திலே எனக்கும் பங்கு உண்டு.

நடுவர் அவர்களே, தலைப்பிலே ஒரு சொல் இருக்கிறது. 'சாமானியர்.' தங்கப் பதக்கத்துக்கு ஓடுகிறவரைப் பற்றி நாம் பேசவில்லை. அவருக்குப் பயிற்சியாளர் உண்டு, மருத்துவர் உண்டு. நாம் பேசுவது, காலையிலே ஆறு மணிக்கு ஓடிவிட்டு ஒன்பது மணிக்கு அலுவலகம் போகிறாரே, அவரைப் பற்றி. ஆங்கிலத்திலே அவரை அமெச்சூர் என்பார்கள். நாம் அதை அரைகுறை என்ற பொருளிலே சொல்கிறோம். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குப் பொருள் என்ன தெரியுமா? அன்பு. காசுக்காக அல்ல, பிரியத்துக்காக ஒன்றைச் செய்கிறவர். அந்தப் பிரியம் அவருடைய இதயத்தை வளர்க்கிறதா, வதைக்கிறதா? இதுதான் கேள்வி.

முதலிலே ஒரு கணக்குப் போடுவோம். நான் தமிழ் வாத்தியார். நானே போடுகிற கணக்குன்னா ரொம்பச் சுலபமாத்தான் இருக்கும். சும்மா இருக்கிற மனிதனுக்கு நிமிஷத்துக்கு 72 துடிப்புன்னு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்பு. தொடர்ந்து ஓடிப் பழகினவருக்கு, ஓய்வாக இருக்கும்போது 55 துடிப்பே போதும் என்றாகிவிடும். அவர் ஒரு மணி நேரம் ஓடுகிறார். அப்போது நிமிஷத்துக்கு 150 துடிக்கிறது. ஒரு மணிக்கு 9,000. மீதி 23 மணி நேரத்துக்கு 75,900. மொத்தம் 84,900. கழித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் மாடு மாதிரி ஓடின பிறகும், ஓடாதவனைவிட ஒரு நாளைக்கு 18,780 துடிப்பு மிச்சம்! "ஓடினா இதயம் தேய்ஞ்சு போயிரும்"னு எதிரணியிலே ஒரு தம்பி சொன்னாரே, தேய்கிற கணக்கு எங்கே இருக்கிறது தம்பி? நாற்காலியிலே இருக்கிறது!

எப்படி மிச்சமாகிறது? ஓடிப் பழகினவரின் இதய அறை விரிந்து கொடுக்கிறது. ஒரு துடிப்பிலே கூடுதல் ரத்தத்தை அனுப்புகிறது. சின்னச் செம்பாலே பத்துத் தடவை மொள்ளுகிற தண்ணீரைப் பெரிய குடத்தாலே மூணு தடவையிலே மொண்டுவிடுகிறது. 1899இலேயே சுவீடன் நாட்டு மருத்துவர் ஹென்ஷென் பனிச்சறுக்கு வீரர்களைச் சோதித்தார். எக்ஸ்ரே வைத்து அல்ல, நெஞ்சை விரலாலே தட்டிப் பார்த்து, ஒலியை வைத்தே, இவர்களுக்கு இதயம் பெரிதாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார். தச்சன் பலாமரத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி! பெரிதானால் அது நோய் என்று அன்றைக்குப் பலர் பயந்தார்கள். அவரோ, இது வேலைக்குத் தக்கபடி வளர்ந்த இதயம் என்றார்.

அந்தப் பயத்துக்கு ஆளான ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவிலே பாஸ்டன் நகரம். கிளாரன்ஸ் டிமார் என்று ஒரு அச்சகத் தொழிலாளி. வேலைக்கு ஓடியே போவார், ஓடியே வருவார். 1911இலே பாஸ்டன் மாரத்தானுக்கு வந்து நிற்கிறார். போட்டிக்கு முன்னாலே மருத்துவர்கள் நெஞ்சிலே குழாயை வைத்துக் கேட்டார்கள். "தம்பி, உன் இதயத்திலே முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது. களைப்பாக இருந்தால் விலகிவிடு. இதற்கப்புறம் ஓடாதே" என்றார்கள். அவர் என்ன செய்தார்? ஓடினார். ஜெயித்தார். அன்றைய சாதனை நேரத்திலே ஜெயித்தார்.

அதற்குப் பிறகு பல வருஷம் பாஸ்டன் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தார் பாருங்க! 1922, 1923, 1924, 1927, 1928, 1930. மொத்தம் ஏழு தடவை வெற்றி. கடைசியாக ஜெயித்தபோது வயது 41. அறுபதைத் தாண்டியும் ஓடினார். 1958இலே, 70 வயதிலே, புற்றுநோயிலே இறந்தார். இறந்த பிறகு அவருடைய இதயத்தை ஆராய்ந்தார்கள். ஆராய்ந்தவர்களிலே ஒருவர் பால் டட்லி ஒயிட், அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது பார்த்த அதே இதய நிபுணர். 1961இலே முடிவை வெளியிட்டார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள், சாதாரண மனிதருக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அகலம்! அவருக்கும் வயதாகிக் குழாயின் சுவரிலே கொழுப்பு படிந்துதான் இருந்தது. ஆனால் சந்து பெருந்தெருவாக இருந்தால், ஓரத்திலே நாலு வண்டி நின்றாலும் தேர் போகும் அய்யா! இது உரமா? பாரமா? (கைதட்டல்)

நடுவர்: அவருக்கு அகலம் பிறவியிலேயே வந்திருந்தால்?

நல்ல கேள்வி அய்யா. நடுவர் என்றால் இப்படித்தான் கேட்கவேண்டும். ஒருத்தரை வைத்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதனாலே லண்டனுக்கு வாங்க. அங்கே 138 பேர். எல்லோரும் முதன்முறையாக மாரத்தானுக்குத் தயாரானவர்கள். நம்மை மாதிரி ஆட்கள். ஆறு மாதம் பயிற்சி. பயிற்சிக்கு முன்னும், ஓட்டம் முடிந்த பின்னும் சோதித்தார்கள். 2020இலே முடிவு வெளிவந்தது. ரத்த அழுத்தம் குறைந்திருந்தது. இதயத்திலிருந்து புறப்படுகிற பெருங்குழாயின் விறைப்பு குறைந்திருந்தது. அந்தக் குழாயைப் பார்த்தால் ஏறக்குறைய நாலு வயது குறைந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். யாருக்கு அதிகப் பலன்? வேகமாக ஓடின இளைஞருக்கா? இல்லை. வயது கூடினவர்கள், மெதுவாக ஓடினவர்கள், அதிலும் ஆண்கள், அவர்களுக்குத்தான். தலைக்குச் சாயம் பூசினால் நாலு வயது குறைந்த மாதிரி வெளியிலேதான் தெரியும். இது உள்ளுக்குள்ளே குறைந்த வயது!

இனி, எதிரணிக்கு நான் கொடுக்க வேண்டிய பங்கைக் கொடுத்துவிடுகிறேன். ஜெயிக்கிறதுக்காக உண்மையை ஒளிக்கிறவன் நானில்லை. மாரத்தான் ஓடி முடித்த அன்றைக்கு ரத்தத்தைச் சோதித்தால், மாரடைப்பு வந்தவருக்குக் கூடுகிற டிரோப்போனின் என்கிற பொருள் பலருக்குக் கூடித்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலோருக்கு அது சில நாட்களிலே இறங்கிவிடுகிறது. ஐப்பசியிலே ஆறு பெருகுவதும் வெள்ளம்தான், அணை உடைந்து வருவதும் வெள்ளம்தான். இரண்டும் ஒன்றா?

இன்னொன்றும் உண்மை. சுவீடனிலே வாசலோப்பெட் என்று 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி. அதை 1989 முதல் 1998 வரை முடித்த 52,755 பேரை ஆராய்ந்தார்கள். திரும்பத் திரும்பப் பல வருஷம் முடித்தவர்களுக்கும், ரொம்ப வேகமாக முடித்தவர்களுக்கும், இதயம் தாளம் தப்பித் துடிக்கிற கோளாறு கூடுதல். மிருதங்கத்தைப் பல வருஷம் ஓங்கி ஓங்கி அடித்தால் வார் தளர்கிற மாதிரி. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே போட்டிக்காரர்களைப் பற்றிய இன்னொரு ஆய்விலே, அவர்களிடையே மரணம் பொதுமக்களிடையே இருப்பதைவிடக் குறைவு. தாளம் தப்பலாம், ஆனால் பாட்டு நீளமாகப் போகிறது.

டென்மார்க்கைச் சொன்னாங்க. கோபன்ஹேகனிலே 2015இலே வந்த ஆய்வு. "அதிகமா ஓடுறவனும் ஓடாதவனும் ஒண்ணுதானாம்"னு எங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க. அந்த ஆய்விலே அதிகமாகவும் கடுமையாகவும் ஓடினவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நாற்பது பேர்கூடத் தேறாது. அதிலே இறந்தவர்கள் 2 பேர். ரெண்டு பேரை வைத்து ஊருக்கே பஞ்சாங்கம் எழுதலாமா அம்மா?

ஆனாலும் அளவு என்று ஒன்று உண்டு. திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்திலே கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்கிறார். 'வலியறிதல்' அதிகாரத்திலே, மரக்கொம்பின் நுனிவரை ஏறினவன் அதற்கு மேலும் ஏறினால் உயிர் போகும் என்கிறார். கவனியுங்கள்! மரமே ஏறாதே என்று அவர் சொல்லவில்லை. நுனி எதுன்னு தெரிஞ்சுக்கோ என்கிறார். உன் நுனி எது? அதைத் தெரிந்துகொள்ளாமல் ஓடினவர் ஒருவர் உண்டு.

ஜிம் ஃபிக்ஸ். அமெரிக்கர். 35 வயதிலே ஓட ஆரம்பித்தார். அதுவரை தினமும் ரெண்டு பாக்கெட் சிகரெட். எடை ஏறக்குறைய 100 கிலோ. ரெண்டையும் விட்டார். 1977இலே ஓட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேலே விற்றது. ஊரையே ஓட வைத்தார். 1984 ஜூலை 20. வெர்மான்ட் மாநிலத்திலே, காலையோ மாலையோ தவறாமல் ஓடுகிறவர், அன்றும் ஓடப் போனார். சாலையோரத்திலே விழுந்து இறந்தார். வயது 52. "பார்த்தாயா, ஓட்டக்காரன் ஓடியே செத்தான்"னு உலகமே பேசியது. எதிரணியும் இன்றைக்குப் பேசியது.

உடலைச் சோதித்துப் பார்த்தால், இதயத்தின் ரத்தக் குழாய்களிலே கடுமையான அடைப்பு. அவருடைய அப்பாவுக்கு 35 வயதிலே மாரடைப்பு, 43 வயதிலே மரணம். இது அவருக்குத் தெரியும். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னாலே, ஏரோபிக்ஸ் புகழ் டாக்டர் கென்னத் கூப்பரின் நிலையத்துக்குப் போயிருக்கிறார். ஓட்டப் பட்டையிலே ஓடவிட்டு இதயத்தைச் சோதிக்கிறோம் என்றபோது வேண்டாம் என்றுவிட்டார். அப்பா 43. மகன் 52. அந்த ஒன்பது வருஷத்தைக் கொடுத்தது ஓட்டம் என்று நான் வாதாடலாம். இன்றைக்கு அப்படி வாதாட வரவில்லை. ஓடுகிற கால், சோதித்துப் பார்க்கிற கண்ணுக்குப் பதிலாகாது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் தெரியுமா? நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அம்மா கேட்டாங்க: "உங்க வீட்டிலே ஒருத்தர் ஓட்டத்திலே விழுந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

விழுந்திருக்கிறார் அம்மா. என் அண்ணன்.

2013. அண்ணனுக்கு 50 வயது. எங்க அப்பா 47 வயதிலே நெஞ்சு வலியிலே போனவர். அண்ணன் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தார். 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருந்தார். ஓட்டத்துக்கு மூணு வாரம் முன்னாலே என்னிடம் சொன்னார்: "தம்பி, மாடிப்படி ஏறும்போது நெஞ்சை ஒரு மாதிரி பிடிக்குது. உட்கார்ந்தா விட்டிருது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? முனைவர் பட்டம் வாங்கினவன் நான். "வாய்வுதாண்ணே, ஒரு சோடா குடிங்க"ன்னு சொன்னேன். குடித்தார். ஏப்பம் வந்தது. ரெண்டு பேரும் சிரித்தோம்.

ஓட்டம் முடிகிற கோட்டுக்கு இருநூறு அடிக்கு இந்தப் பக்கம் விழுந்தார். நான் அங்கேதான் நின்றேன். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் முகத்திலே தண்ணீர் அடித்தார். ஒருவர் விசிறினார். வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தைக் கையிலே திணித்தார். நான் என்ன செய்தேன்? "அண்ணே, அண்ணே"னு காலைத் தேய்த்தேன். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் உதவத்தான் வந்தார்கள். ஆனால் ஒருவர்கூட, ஒருவர்கூட அய்யா, அவர் நெஞ்சிலே கை வைத்து அழுத்தவில்லை. எங்களுக்குத் தெரியாது. வண்டி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பிறகு டாக்டர் என்னிடம் சொன்னார்: "இந்த அடைப்பு நேற்று ஓடி வந்த அடைப்பு இல்லை சார். பல வருஷம் படிந்தது. மாடிப்படியிலே வந்த வலி, அது போட்ட சத்தம்." வீட்டுக்கு வந்தேன். மதினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "ஓட வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அய்யா இத்தனை ஆய்வையும் படித்தேன். பட்டிமன்றத்துக்காகப் படித்ததில்லை. "ஓடாதீங்கண்ணே"ன்னு நான் சொல்லியிருக்க வேண்டுமா? இல்லை. "வாங்கண்ணே, இன்னைக்கே டாக்டரைப் பார்ப்போம்"னு சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அப்புறம், அவர் விழுந்தபோது, காலைத் தேய்த்த கை நெஞ்சை அழுத்தியிருக்க வேண்டும்.

அப்படி அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன். இது நான் போட்ட கணக்கு அல்ல. அமெரிக்காவிலே நெடுந்தூர ஓட்டங்களை ஆராய்ந்தவர்கள் போட்டது. 2000 முதல் 2010 வரை, முழு மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடினவர்கள் 1 கோடியே 9 லட்சம் பேர். அதிலே இதயம் நின்று விழுந்தவர்கள் 59 பேர். இறந்தவர்கள் 42 பேர். விழுந்த பத்துப் பேரிலே ஏழு பேர் போய்விட்டார்கள். அடுத்து, 2010 முதல் 2023 வரை. ஓடி முடித்தவர்கள் 2 கோடியே 93 லட்சம் பேர். விழுந்தவர்கள் 176 பேர். இறந்தவர்கள் 59 பேர். விழுந்த மூணு பேரிலே ஒருவர்தான் போனார். ரெண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

முதலிலே ஒன்றைக் கவனியுங்கள். ஒன்றரை லட்சம் பேருக்கு மேலே ஓடினால் ஒருவர் விழுகிறார். அவ்வளவு அரிது. அடுத்ததைக் கவனியுங்கள். விழுகிறவர்களின் விகிதம் குறையவே இல்லை. ஏறக்குறைய அதேதான். ஆனால் சாவு பாதியாகிவிட்டது! என்ன மாறியது? மனிதனின் இதயம் பத்து வருஷத்திலே மாறிவிட்டதா? இல்லை. பக்கத்திலே இருந்த மனிதன் மாறிவிட்டான்! ஓடுகிற வழியெல்லாம் நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஆட்கள். சி.பி.ஆர். என்கிறார்களே, அது. நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து எழுப்புகிற ஏ.இ.டி. கருவி கைக்கெட்டின தூரத்திலே.

(நடுவர் மணி அடிக்கிறார்)

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிஷம் கொடுங்கள். ஒரு நிமிஷம் என்ன பெரிய நிமிஷம் என்று நினைக்காதீர்கள். இதயம் நின்று விழுந்தவருக்கு, யாரும் நெஞ்சை அழுத்தாமல் கழிகிற ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைகிறது. பத்து நிமிஷம் வேடிக்கை பார்த்தால், பார்க்க ஆள் இருக்காது. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

நடுவர்: எடுத்துக்கொள்ளுங்கள் அய்யா.

நன்றி. தாய்மார்களே, தம்பிகளே, இதை மட்டும் மனதிலே எழுதிக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை, இல்லையென்றால் இழுத்து இழுத்துத் தவிக்கிற மூச்சு. அப்படி ஒருவர் கிடந்தால், தண்ணீர் கொடுக்காதீர்கள். சாவியைத் தேடாதீர்கள். ஒருவர் 108க்குச் சொல்லட்டும். நீங்கள் மண்டியிட்டு, நெஞ்சின் நடு எலும்பிலே ஒரு கைமேல் இன்னொரு கை வைத்து, முழங்கை மடங்காமல், பலமாக, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு மேலே எழும்ப விடுங்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. வண்டி வருகிற வரைக்கும் நிறுத்தாதீர்கள். கை ஓய்ந்தால் இன்னொருவரிடம் கொடுங்கள். இதை முறையாகக் கற்றுக்கொள்ள ஒரு காலைப் பொழுது போதும்.

ஓடப் போகிற அன்பர்களே, உங்களுக்கும் ஒன்று. ஓடும்போதோ படியேறும்போதோ நெஞ்சைப் பிடித்தால், தாடைக்கோ தோளுக்கோ வலி பரவினால், கண் இருட்டினால், குடும்பத்திலே சின்ன வயதிலே யாராவது இதயத்தாலே போயிருந்தால், முதல் ஓட்டம் மருத்துவரை நோக்கி இருக்கட்டும். காய்ச்சலோடு ஓடாதீர்கள். கட்டின பணம் வீணாகுமே என்று ஓடாதீர்கள். அடுத்த வருஷமும் ஓட்டம் நடக்கும். ஓட நீங்கள் வேண்டும்.

ஃபௌஜா சிங் என்று ஒரு பஞ்சாபிப் பெரியவர். அவர் சொன்ன கணக்குப்படி 89 வயதிலே லண்டனில் மாரத்தான் ஓடத் தொடங்கி, 2011இலே டொராண்டோவில் 100 வயதிலே முழுத் தூரத்தையும் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததாலே கின்னஸ்காரர்கள் ஏற்கவில்லை. வயதிலே பத்துப் பதினைந்து குறைத்தாலும் அவர் நம்மை எல்லாம் முந்திவிட்டார்! 2025 ஜூலையிலே இறந்தார். எப்படி? ஓடியா? இல்லை அய்யா. சொந்த ஊர்ச் சாலையிலே வாகனம் மோதி. அந்த இதயம் தானாக நிற்கவில்லை.

முடிக்கிறேன். அண்ணன் போன மறுவருஷம் நான் ஓட ஆரம்பித்தேன். முதலிலே சோதனை. அப்புறம் நடை. அப்புறம் மெல்லோட்டம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்ததோ இல்லையோ, என் தொந்தி நகர்ந்தது. எங்கள் தெருவிலே சி.பி.ஆர். பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு ஏற்பாடு செய்தோம். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? என் மதினி. பயிற்சிப் பொம்மையின் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாங்க. பத்து, இருபது, முப்பது. கண்ணிலே தண்ணீர் கொட்டுகிறது. கை மட்டும் நிற்கவில்லை. சொல்லிக்கொடுக்க வந்த பெண் "போதும்மா" என்றாள். "இரு தாயி, இன்னும் வண்டி வரலேல்ல?" என்றாங்க.

நடுவர் அவர்களே, நெடுந்தூர ஓட்டம் சாமானியனின் இதயத்துக்கு உரம்தான். ஆனால் உரத்தை மட்டும் கொட்டினால் பயிர் விளையாது. பயிரைப் பார்க்கிற கண் வேண்டும், சாய்ந்தால் நிமிர்த்துகிற கை வேண்டும். கண் ஓடுகிறவனுடையது. கை நம் எல்லோருடையது. இரண்டும் சேர்ந்தால் ஓட்டம் உரமே, உரமே என்று சொல்லி, என் அண்ணனை நினைத்து, அமர்கிறேன்.